30 பவுண்ட் கட்டும் முன்

பெரம்பூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பதால் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அடிக்கடி வருவார்கள். "அப்பா பிரிட்டிஷ் ஆர்மி. லண்டன்லேர்ந்து சர்வீஸ் ரெக்கார்டு எடுக்கணும், பணம் கட்டிக் குடு தம்பி" என்பார்கள். கட்டுவது சின்ன வேலைதான். அதற்கு முன் நான் கேட்பது: எந்த ஆர்மி?

மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது பிரிட்டிஷ் இந்திய ராணுவம். அந்தச் சிப்பாய்க்காக லண்டனுக்குப் பணம் அனுப்பாதீர்கள். நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெஜிமென்ட் ஆபீசுக்கு எழுதுங்கள். ராயல் ஆர்ட்டிலரி, ராயல் ஏர் ஃபோர்ஸ் மாதிரி இங்கிலாந்துப் படை என்றால்தான் மேற்கொண்டு பேச்சு. அதிலும் முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் பதிவுகளில் பெரும்பகுதி 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் எரிந்துபோனது. பிற்காலப் பதிவுகளும் 2022 முதல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து லண்டனின் கியூ (Kew) பகுதியில் இருக்கும் நேஷனல் ஆர்கைவ்ஸ் என்ற ஆவணக் காப்பகத்துக்குக் கட்டம் கட்டமாகப் போகின்றன. அதனால் முதலில் அந்தக் காப்பகத்தின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

அடுத்து, யார் பெயரில் விண்ணப்பம்? மகன், மகள், பேரன் என்றால் ஒரு பதிவுக்கு 30 பவுண்ட். இறந்தவரின் மனைவி கேட்டால் கட்டணமே இல்லை. பாட்டி உயிரோடு இருக்கும்போது பேரன் கார்டை நீட்டினால் நான் வாங்குவதில்லை, பாட்டி பெயரில் போடச் சொல்லி அனுப்பிவிடுவேன். பணியில் இருக்கும்போது இறந்தவராக இல்லாவிட்டால் இறப்புச் சான்றிதழ் நகல் வேண்டும்.

சர்வீஸ் நம்பர், அதாவது படையில் அவருக்குக் கொடுத்த எண், இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பழைய பே புக்கை (ராணுவச் சம்பளப் புத்தகம்) தேடுங்கள். முதல் போர் மெடல் என்றால் விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். இரண்டாம் போர் மெடல்களைப் பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெயர் பொறிக்காமலேயே கொடுத்துவிட்டார்கள். அதை உருட்டி உருட்டிப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி பணம். தளத்தின் முகவரி 'கவ் டாட் யூகே' (gov.uk) என்று முடிகிறதா பாருங்கள். இடைத்தரகர் தளங்கள் கூடுதலாகக் கறக்கும். யுபிஐ கிடையாது. ரூபாய் செக் அனுப்பியும் பிரயோஜனமில்லை. விசா அல்லது மாஸ்டர்கார்டு நல்லது. 2020லிருந்து புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே வரும். பேங்க் ஆப்பில் அதை ஆன் செய்து லிமிட்டையும் ஏற்றுங்கள். கார்டு ரிஜெக்ட் என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் சங்கதி. பில்லிங் முகவரியில் நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டு, போஸ்ட்கோடு இடத்தில் நம் பின்கோடைப் போடுங்கள். வெளிநாட்டுப் பணத்தில் கட்டுவதற்கென்று பேங்க் 3.5 சதவீதம் மார்க்அப் (கூடுதல் கட்டணம்) எடுத்தால், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து, 30 பவுண்டுக்குக் கிட்டத்தட்ட ஒன்றேகால் பவுண்ட் கூடும்.

ரசீது இமெயிலில் வரும். அதிலுள்ள ரெஃபரன்ஸ் நம்பரைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள், பதிலுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். கடைக் கம்ப்யூட்டரில் கட்டும்போது கார்டை சேமிக்கவா என்று பிரவுசர் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். வீட்டுக்குப் போனதும் அந்த வெளிநாட்டு ஸ்விட்சைத் திரும்ப அணைத்துவிடுங்கள்.