சிரசு திருவிழால 1,400 போட்டோ: கேமராவுலயே ஸ்டார் போட்டு பிரிக்கிறது எப்படி

வைகாசி ஒண்ணாந்தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு கேமரா தூக்கிட்டு போனவங்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். காலையிலயே தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயில்ல இருந்து அம்மன் சிரசு கெளம்பிடும், தெரு பூரா தேங்கா ஒடைக்கிற சத்தம், ஒரு பக்கம் சிலம்பம், இன்னொரு பக்கம் புலிவேஷம், மாலைக்கு மேல மாலையா வந்து விழும், கோபாலபுரம் கோயிலுக்கு வந்து ஒடம்புல சிரச பொருத்தி கண் தெறக்குற வரைக்கும் ஷட்டர் பட்டன்ல இருந்து வெரல எடுக்கவே தோணாது. மத்தியானம் நெரிசல்ல இருந்து வெளிய வந்து பாத்தா கார்டுல 1,400 படம். அதுக்குள்ள தெரு பசங்க போன் பண்ண ஆரம்பிச்சிடுவாங்க, "இன்னாண்ணா, படம் ரெடியா கீதா? நைட்டுக்குள்ள ஸ்டேட்டஸ் வெக்கணும்ணா".

முன்னாடி எல்லாம் நான் இன்னா பண்ணுவேன்னா, வேலூர் வந்து, குளிச்சி, சாப்ட்டு, கார்ட கம்ப்யூட்டர்ல போட்டு, ஒண்ணொண்ணா பெருசு பண்ணி பாத்து, ராத்திரி ரெண்டு மணிக்கு பத்து படம் தேறும். எடிட்டிங் பண்றதுக்கு ஆன நேரத்த விட தேடுறதுக்கு ஆன நேரம் ஜாஸ்தி. இப்போ அந்த தேடுற வேலைய குடியாத்தம் ஸ்டேஷன் பெஞ்ச்லயும் காட்பாடி வர்ற ரயில்லயும் முடிச்சிடுறேன், கேமராவுலயே. ஒரு படத்துக்கு 3 செகண்டுன்னு வச்சா 1,400 படத்துக்கு 70 நிமிஷம், எப்படியும் வெட்டியா போற நேரம் தான் அது.

மொதல்ல, இது உள்ள இன்னா நடக்குதுன்னு ரெண்டு வரி. நீங்க கேமராவுல 3 ஸ்டார் குடுத்தா அந்த நம்பர் போட்டோ ஃபைலோட மெட்டாடேட்டாவுல போய் உக்காருது, அதாவது தேதி, ஷட்டர் ஸ்பீடு, லென்ஸ் பேரு எல்லாம் இருக்குற அதே மாதிரி இடத்துல. படத்துக்கு ஒண்ணும் ஆகாது, குவாலிட்டி கொறையாது. அப்புறம் லைட்ரூம் மாதிரி சாஃப்ட்வேர் அந்த ஃபைல தெறக்கும்போது ஸ்டாரயும் சேத்து படிச்சிக்கும். அவ்ளோ தான் விஷயம்.

ஸ்டெப் 1: உங்க கேமராவுல அந்த ஆப்ஷன் எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க

திருவிழா அன்னிக்கு காலைல தேடாதீங்க, மொத நாள் வீட்லயே பாத்துடுங்க.

கேனான்ல போட்டோ பாக்குற மெனுல, அதாவது நீல கலர் ப்ளேபேக் டேப்ல, ரேட்டிங்னு இருக்கும். நம்ம ஊர்ல பாதி பேர் கையில இருக்குற 1500டி வச்சிருக்கீங்கன்னா போட்டோ பாக்கும்போது க்யூ பட்டன அமுக்குனாலே ரேட்டிங் வந்துடும், மெனுக்குள்ள போய் சுத்த வேணாம். 5டி மார்க் 3, மார்க் 4, 7டி மார்க் 2 வச்சிருக்கவங்களுக்கு ரேட்னே தனியா ஒரு பட்டன் இருக்கு, அமுக்க அமுக்க 1, 2, 3ன்னு ஏறிட்டே போகும், 5 தாண்டுனா ஸ்டார் போயிடும், திரும்ப மொதல்ல இருந்து.

நிக்கான்ல போட்டோ பாக்கும்போது ஐ பட்டன், அதுல ரேட்டிங். டி7500ல இருந்து இசட் சீரிஸ் வரைக்கும் இதே பழக்கம் தான். நிக்கான்ல எனக்கு புடிச்சது என்னன்னா ஸ்டாரோட சேத்து குப்பைத்தொட்டி படம் ஒண்ணும் இருக்கும், "இத அப்புறம் அழிக்கலாம்"னு அடையாளம் வச்சிக்க. ஒடனே அழிக்காது, அடையாளம் மட்டும் தான்.

சோனி ஏ7 3ல கொஞ்சம் செட்டிங் வேல இருக்கு ஆனா செஞ்சிட்டா செம வசதி. கஸ்டம் கீ செட்டிங்ல ப்ளேபேக்குக்குன்னு தனியா ஒரு பகுதி இருக்கும், அதுல ஏதாவது ஒரு பட்டனுக்கு ரேட்டிங்க குடுத்துடுங்க. அப்புறம் அந்தப் பட்டன அமுக்குனா எந்தெந்த ஸ்டார் வரணும்னும் நாமளே தேர்வு பண்ணலாம், நான் 3ம் 5ம் மட்டும் டிக் பண்ணி வச்சிருந்தேன், மத்ததெல்லாம் வரவே வராது. ஃப்யூஜில ப்ளேபேக் மெனுலயே ரேட்டிங் இருக்கு.

ரொம்ப பழைய கேமரா, ரேட்டிங்கே இல்லன்னா? சாவி படம் போட்ட ப்ரொடெக்ட், அதாவது படம் தெரியாம அழியாம பூட்டி வைக்கிற ஆப்ஷன், கண்டிப்பா இருக்கும். வேணும்ங்கிற படத்த மட்டும் ப்ரொடெக்ட் பண்ணுங்க. கார்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்ல போட்டு பாத்தா அந்த ஃபைல் மட்டும் ரீட் ஒன்லியா இருக்கும், ஃபோல்டர்ல ஆட்ரிபியூட்ஸ்னு ஒரு காலம் (நெடுவரிசை) சேத்து அத வச்சி வரிசைப்படுத்துனா எல்லாம் ஒண்ணா வந்து நிக்கும். ஏழைக்கேத்த எள்ளுருண்டை மாதிரி தான், ஆனா வேல நடக்கும். ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சிக்கோங்க: கார்ட ஃபார்மட் பண்ணா ப்ரொடெக்ட் பண்ணதும் சேந்து போயிடும். அதே மாதிரி நிக்கான்லயும் ஃப்யூஜிலயும் ப்ரொடெக்ட் பண்ண படத்துக்கு ஸ்டார் போட முடியாது, அதனால ரெண்டையும் கலக்காதீங்க.

ஸ்டெப் 2: எந்த ஸ்டாருக்கு இன்னா அர்த்தம்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க

இங்க தான் எல்லாரும் சறுக்குறாங்க, நானும் சறுக்கியிருக்கேன். 5 ஸ்டார் இருக்கேன்னு பரிட்சை பேப்பர் திருத்துற வாத்தியார் மாதிரி "இது 3ஆ 4ஆ"ன்னு ஒரு படத்துக்கு அர நிமிஷம் யோசிச்சா ரயில் லத்தேரி தாண்டும்போது நீங்க நாப்பதாவது படத்துல இருப்பீங்க. ஸ்டார் போடுறப்ப படம் எவ்ளோ நல்லா இருக்குன்னு கேக்காதீங்க, இத வச்சி நான் இன்னிக்கி இன்னா செய்யப்போறேன்னு கேளுங்க. நான் வச்சிருக்குறது ரெண்டே ரெண்டு தான்.

3 ஸ்டார்னா கம்ப்யூட்டர்ல தெறந்து பாக்கணும். 5 ஸ்டார்னா இன்னிக்கி ராத்திரியே எடிட் பண்ணி அனுப்பணும். ஸ்டார் இல்லன்னா இப்போதைக்கு கைய வெக்க வேணாம்.

நடுவுல 4 எதுக்கு காலியா விட்டேன்னா, கம்ப்யூட்டர்ல பெரிய ஸ்க்ரீன்ல பாக்கும்போது 3லயே சிலது மேல வரும் பாருங்க, அதுக்கு 4 குடுத்துக்கலாம், கேமராவுல போட்ட கணக்கும் கலையாது. 1ம் 2ம் நான் தொடுறதே இல்ல. கல்யாண ஆர்டர் எடுக்குற நண்பர் ஒருத்தர் மாப்ள வீட்டு படத்துக்கு 1, பொண்ணு வீட்டு படத்துக்கு 2ன்னு வச்சிருக்காரு, ஆல்பம் ரெண்டா பிரிக்க. அதுவும் நல்ல ஐடியா தான், ஆனா அத ஒரு சீட்டுல எழுதி பேக்ல வைங்க, ரெண்டு மாசம் கழிச்சி எது எதுன்னு மறந்து போகும்.

ஸ்டெப் 3: மொத ரவுண்டு, வேகமா

ஒரு ரவுண்டுல எல்லாத்தையும் முடிக்க பாக்காதீங்க. மொத ரவுண்டுல 3 இல்லன்னா ஒண்ணும் இல்ல, அவ்ளோ தான். தேங்கா ஒடைக்கிறது ஒரே எடத்துல பன்னெண்டு ப்ரேம் எடுத்திருப்பீங்க, ஓடு செதறி தண்ணி தெறிக்கிற அந்த ஒண்ணுக்கு மட்டும் 3, மத்தத தாண்டி போயிடுங்க. சந்தேகமா இருந்தா 3 குடுத்துட்டு போங்க, அப்புறம் எறக்கிக்கலாம்.

ஜூம் பண்ணி பாக்குறதுக்கு சோம்பேறித்தனம் படாதீங்க, அது மட்டும் முக்கியம். மூணு இன்ச்சு ஸ்க்ரீன்ல எல்லாமே ஷார்ப்பா தான் தெரியும். மொகம் இருக்குற படம்னா கண்ணு மேல ஜூம் பண்ணுங்க. கூட்டத்துல எடுத்ததுல பாதி, போகஸ் ஆளு மேல இல்லாம முன்னாடி நிக்கிறவர் துண்டு மேல இருக்கும்.

வெளிச்சத்த வச்சி மட்டும் படத்த தள்ளிடாதீங்க. கேமராவுல பாக்குறது ரா ஃபைலோட (சென்சார் புடிச்சத அப்படியே வச்சிருக்குற ஃபைல்) முழு வெவரம் கெடையாது, கேமரா தானா செஞ்சி குடுக்குற ஜேபெக் ப்ரிவியூ. வெளிச்சம் ஓவர் ஆன எடம் கறுப்பா மினுக்குதேன்னு பயப்பட வேணாம், அந்த மினுக்கலும் ஜேபெக் கணக்கு தான், ரால எடுத்திருந்தா கொஞ்சம் இழுத்து கொண்டு வரலாம். மொத்தமா வெள்ளையா போனது மட்டும் போனது தான்.

அக்னி நட்சத்திர வெயில்ல, அதுவும் நம்ம வேலூர் வெயில்ல, ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியாது, நம்ம மூஞ்சி தான் தெரியும். மிரர்லெஸ் கேமரான்னா கண்ண வ்யூஃபைண்டர்ல வச்சே போட்டோ பாக்கலாம், வெயில் பிரச்னையே இல்ல. டிஎஸ்எல்ஆர்னா துண்ட தலைமேல போட்டுக்கோங்க, பாக்குறவங்க சிரிப்பாங்க, சிரிச்சிட்டு போட்டும். அப்புறம் ஒரு மணி நேரம் ஸ்க்ரீன் எரிஞ்சா பேட்டரி எறங்கும், சாயந்தரம் வாணவேடிக்கை எடுக்கணும்னா இன்னொரு பேட்டரி இல்லாம இந்த வேலைல எறங்காதீங்க.

ஸ்டெப் 4: ரெண்டாவது ரவுண்டு, 3 ஸ்டார் படம் மட்டும்

இப்போ 1,400ல ஒரு 150 படம் 3 ஸ்டார்ல இருக்கும்னு வச்சிக்கோங்க. அத மட்டும் பாக்கணும். கேனான்ல ப்ளேபேக் மெனுல இமேஜ் ஜம்ப்னு ஒண்ணு இருக்கு, அதுல ரேட்டிங்க தேர்வு பண்ணிட்டா ஷட்டர் பட்டன் பக்கத்துல இருக்குற டயல சுத்துனா ஸ்டார் போட்ட படத்துல இருந்து ஸ்டார் போட்ட படத்துக்கு நேரா தாவும். இந்த 150ல இருந்து அன்னிக்கே அனுப்ப வேண்டிய பன்னெண்டு, பதினஞ்சுக்கு 5 குடுங்க. ஒரே மாதிரி ரெண்டு படத்துக்கு 5 குடுக்காதீங்க, சிரசு ஊர்வலம் ஒண்ணு, கண் தெறந்தது ஒண்ணு, கூட்டம் மேல இருந்து ஒண்ணு, புலிவேஷம் ஒண்ணுன்னு கதையா வரணும்.

கேனான்ல ஸ்லைடு ஷோவும் ஸ்டார் வச்சி ஓட விடலாம். கல்யாண மண்டபத்துல பெரியவர் யாராவது "தம்பி இதுவரைக்கும் எடுத்தத காட்டு"ன்னு வந்தா 5 ஸ்டார் மட்டும் ஓட விட்டு கையில குடுத்துடுங்க, வாய தெறந்து சோறு சாப்புடுற படம் எல்லாம் அவர் கண்ணுல படாது.

ஸ்டெப் 5: கேமராவுல எதையும் அழிக்காதீங்க

இத தனியா சொல்றேன், ஏன்னா இதுல நான் வாங்குன அடி அப்படி. மூணு வருஷம் முன்னாடி ஆரணி பக்கம் ஒரு கல்யாணம், தாலி கட்டும்போது எட்டு ப்ரேம் எடுத்தேன். திரும்பி வர்ற பஸ்ல "சுத்தம் பண்றேன்"னு உக்காந்து ஒண்ண வச்சிட்டு ஏழ டெலிட் பண்ணிட்டேன், ஜூம் பண்ணி பாக்காமயே. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பாத்தா வச்சிருந்த ஒண்ணுல பொண்ணுக்கு கண்ணு மூடியிருக்கு. அந்த வீட்டுக்கு நான் இன்னா பதில் சொன்னேன்னு கேக்காதீங்க. அதுலருந்து பஸ்லயும் ரயில்லயும் டெலிட் பட்டன் பக்கமே வெரல் போறதில்ல. நிக்கான்காரங்க குப்பைத்தொட்டி அடையாளம் வச்சிட்டாலும் அத வீட்ல ரெண்டு காப்பி எடுத்த அப்புறம் தான் அழிக்கணும்.

ஸ்டெப் 6: கம்ப்யூட்டர்ல

லைட்ரூம் கிளாசிக்ல இம்போர்ட் ஸ்க்ரீன்லயே ஸ்டார் வச்சி வடிகட்ட முடியாது, அதனால எல்லாத்தையும் உள்ள எடுத்துடுங்க. உள்ள வந்ததும் லைப்ரரில பேக்ஸ்லாஷ் கீய தட்டுனா மேல ஃபில்டர் பார் வரும், ஆட்ரிபியூட்ல 5 ஸ்டார தட்டுனா அந்த பன்னெண்டு படம் மட்டும் நிக்கும். அத முடிச்சி அனுப்பிட்டு, மறுநாள் நிதானமா "3ம் அதுக்கு மேலயும்"னு மாத்திக்கோங்க. கீபோர்டுல 1ல இருந்து 5 வரைக்கும் தட்டுனா ஸ்டார் மாறும், 0 தட்டுனா போயிடும், கேப்ஸ் லாக் போட்டு வச்சிட்டா ஸ்டார் போட்டதும் தானா அடுத்த படத்துக்கு போயிடும்.

காசு குடுக்க முடியாதுன்னா கேனானோட டிஜிட்டல் ஃபோட்டோ ப்ரொஃபெஷனல், நிக்கானோட என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனியோட இமேஜிங் எட்ஜ் இதெல்லாம் அந்தந்த கேமரா வச்சிருக்கவங்களுக்கு சும்மாவே கெடைக்கும், அவங்க போட்ட ஸ்டார் அவங்க சாஃப்ட்வேருக்கு நல்லாவே தெரியும். டார்க்டேபிளும் இலவசம் தான், அதுல இம்போர்ட் பண்ற எடத்துல கேமரா ஸ்டார கண்டுக்காதன்னு சொல்ற டிக் ஒண்ணு இருக்கும், அது ஆஃப்ல இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, ஆன்ல இருந்தா ரயில்ல பாத்த வேல பூரா வீண்.

புதுசா பண்றவங்க நேரா திருவிழால எறங்காம, கோட்டை அகழி பக்கமா போய் பத்து படம் எடுத்து, மூணுக்கு ஸ்டார் போட்டு, கம்ப்யூட்டர்ல அந்த மூணும் வருதான்னு ஒரு தடவ பாத்துடுங்க. ரெண்டு கார்டுல ரா ஒண்ணு ஜேபெக் ஒண்ணுன்னு பிரிச்சி எடுக்குறவங்க இத கண்டிப்பா பண்ணணும், நீங்க ஸ்டார் போட்டது எந்தக் கார்டுல இருக்குன்னு அப்போ தான் தெரியும்.

போன தடவ சிரசுக்கு எட்டர மணிக்கெல்லாம் பதினாலு படம் பசங்க க்ரூப்ல போட்டுட்டேன். எல்லாரும் நெருப்பு, கைதட்டல்னு போட்டுட்டு இருக்கும்போது ஒருத்தன் மட்டும் தனியா மெசேஜ், "அண்ணா நான் தேங்கா ஒடச்சேனே, நான் எங்கண்ணா?" தேடிப் பாத்தா ஸ்டார் போடாத கும்பல்ல இருந்தான், கண்ணு பாதி மூடி, தேங்கா கையிலயே இருக்கு, இன்னும் ஒடையல. வெளிச்சம் கொஞ்சம் ஏத்தி அனுப்பிட்டேன். இன்னிவரைக்கும் அவன் டிபி அது தான்.