டூரிங் பைக்கில் விளக்கு, சார்ஜர், சூடான கிரிப்: ஒரே மின்லைனில் பொருத்தும் முறை

நீண்ட தூரம் ஓட்டும் வண்டியில் சேர்க்கக்கூடிய பொருட்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். பெட்டி, கிராஷ் கார்டு, உயரமான கண்ணாடி போன்றவை போல்ட்டில் நிற்பவை. அவை தளர்ந்தால் சத்தம் வரும், ஆடும், கண்ணில் படும். கூடுதல் விளக்கு, யு.எஸ்.பி. சார்ஜர், சூடான கிரிப் போன்றவை மின்சாரம் எடுப்பவை. இவற்றில் வரும் கோளாறு சீட்டுக்கு அடியில் மாதக்கணக்கில் பதுங்கியிருந்து, மழையிலோ இருட்டிலோ வெளிப்படும். அதனால் இந்த விளக்கத்தில் பெரும்பகுதி ஒயரிங் பற்றியது.

நான் வாங்கிய பழைய வண்டியில் நான்கு பொருட்களுக்கு நான்கு தனி ஒயர்கள் பேட்டரி முனையில் கொத்தாகத் தொங்கின. அத்தனையையும் கழற்றிவிட்டு, ஒரே லைனில் எல்லாவற்றையும் கொண்டுவந்தேன். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் ஒன்று, அதில் ஒரு ஃபியூஸ், அடுத்து ரிலே (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), அடுத்து சிறிய ஃபியூஸ் பெட்டி. அங்கிருந்துதான் எல்லாம் கிளை பிரிகிறது. வண்டியின் சொந்த ஒயரிங்கில் ஒரே ஓர் இடத்தை மட்டுமே தொடுகிறோம்.

முதலில் கணக்கு

வாட்டை 12 ஆல் வகுத்தால் ஆம்பியர். 20 வாட் விளக்கு இரண்டு என்றால் 40 வாட், ஏறக்குறைய 3.3 ஆம்பியர். சூடான கிரிப் 36 வாட் என்றால் 3 ஆம்பியர். சார்ஜருக்கு 1.5 ஆம்பியர் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 8 ஆம்பியருக்குள் அடங்கும். இதற்கு 2.5 சதுர மி.மீ. ஒயரும் 15 ஆம்பியர் ஃபியூஸும் போதும்.

இந்தச் சுமையை வண்டி தாங்குமா என்பது வேறு கேள்வி. அனைத்தையும் பொருத்திய பிறகு இன்ஜினை ஓடவிட்டு, எல்லாவற்றையும் போட்டுப் பேட்டரி முனைகளில் வோல்ட் பாருங்கள். 4000 ஆர்.பி.எம். அளவில் 13.5க்கு மேல் நின்றால் நல்லது. ஐட்லிங்கில் 12.8க்குக் கீழே இறங்கினால் அந்த நேரம் பேட்டரியிலிருந்துதான் செலவாகிறது. நெரிசலில் நிற்கும்போது கிரிப்பையோ விளக்கையோ அணைத்துவிட வேண்டும்.

பேட்டரியும் ஃபியூஸும்

கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். வரிசையை மாற்றினால், பாசிட்டிவ் போல்ட்டில் இருக்கும் ஸ்பானர் சட்டத்தில் பட்டதும் நேரடி ஷார்ட் ஆகும்.

ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரைத்தான், விளக்கை அல்ல. ஆகவே அது பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள ஒயர் உரசிப் போனால் அதைக் காக்க எதுவுமில்லை.

ரிலே: நிதானமாகச் செய்ய வேண்டிய இடம்

சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரவேண்டும், எடுத்தால் நிற்கவேண்டும். அதற்காகத்தான் ரிலே. அதன் அடியில் ஒவ்வொரு காலுக்கும் பக்கத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். 30இல் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியே வரும் ஒயர். 87இல் ஃபியூஸ் பெட்டிக்குப் போகும் ஒயர். 85இல் எர்த். 86இல் சாவியோடு உயிர்பெறும் சிறிய ஒயர். இந்தச் சிறிய ஒயர் தூண்டுவதற்கு மட்டும்தான். அதில் ஓடுவது 0.2 ஆம்பியர் அளவே. அதனால்தான் அதை வண்டியின் ஒயரிங்கிலிருந்து கூச்சமில்லாமல் எடுக்கலாம்.

நான்கு கால் உள்ள ரிலேயையே வாங்குங்கள். ஐந்து கால் ரிலேயின் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். ரிலே அணைந்திருக்கும்போது அதுதான் 30உடன் சேர்ந்திருக்கும். 87 என்று நினைத்து அதில் மாட்டினால் எல்லாம் தலைகீழாகிவிடும்: சாவியை எடுத்தால் விளக்கு எரியும், போட்டால் அணையும்.

அடுத்தது தூண்டும் ஒயரைத் தேடுவது. புதியவர்கள் அதிக நேரம் செலவிடும் இடம் இதுதான். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் துணைப்பொருட்களுக்கான கனெக்டர் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பல டூரிங் வண்டிகளில் சீட்டுக்கு அடியிலோ ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ மூடி போட்ட கனெக்டர் ஒன்று தயாராகக் கிடக்கும். அது இல்லையென்றால் பின்பக்க பார்க்கிங் லைட்டின் ஒயரோ நம்பர் பிளேட் விளக்கின் ஒயரோ ஏற்றது. ஏ.பி.எஸ்., எரிபொருள் பம்ப், இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஆகியவற்றுக்குப் போகும் எந்த ஒயரையும் தொடாதீர்கள்.

மல்டிமீட்டரை மட்டும் நம்பி முடிவு செய்யவும் வேண்டாம். மீட்டர் எடுப்பது மிக மிகச் சிறிய மின்னோட்டம். ஒரே இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒயரிலும் அது 12 வோல்ட் காட்டும். ஒயரைக் கண்டுபிடித்த பிறகு, வெட்டுவதற்கு முன்னால், ரிலேயின் 86ஐ அதில் தற்காலிகமாகத் தொட்டுப் பாருங்கள். சாவியைப் போட்டதும் ஒரே ஒரு 'டக்', எடுத்ததும் ஒரே ஒரு 'டக்' கேட்கவேண்டும். தொடர்ந்து கடகடவென்று துடித்தால் அந்த ஒயரில் வருவது சீரான மின்சாரம் அல்ல, துடிப்பாக வருவது. சில எல்.இ.டி. பின்விளக்குகளை மங்கலாக்க அப்படித்தான் கொடுக்கிறார்கள். வேறு ஒயரைத் தேடுங்கள்.

விளக்குகளுடன் வரும் ஒயரிங் செட்டில் தனி ரிலேயும் ஹேண்டில்பார் சுவிட்சும் இருக்கும். அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அதன் பாசிட்டிவைப் பேட்டரிக்குக் கொண்டுபோகாமல், நம் ஃபியூஸ் பெட்டியில் 7.5 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட கிளையில் மாட்டினால் போதும். இன்ஜின் பிடித்த பிறகே விளக்கைப் போடும் பழக்கம் வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் பேட்டரிக்கு அந்தச் சுமை தேவையில்லை.

இணைப்புகள்

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: பைக்கில் ஈயப்பற்று வேண்டாம். உருகிய ஈயம் செப்பு இழைகளுக்கு நடுவே ஏறிக் கெட்டியாகிவிடும். ஈயம் முடிந்து இழைகள் தொடங்கும் அந்தக் கோட்டில்தான் இன்ஜின் அதிர்வு மொத்தமும் வந்து இறங்கும், ஒயர் அங்கேயே ஒடியும். கனெக்டரை ஒயரின் மேல் நசுக்கிப் பிடிக்கவைக்கும் நல்ல ராட்செட் கிரிம்பிங் கருவி ஒன்றை வாங்குங்கள். முழுதாக அழுத்தினால்தான் விடும் வகை. அழுத்திய பிறகு ஒயரைக் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் அப்போதே வந்தது நல்லது. மேலே உள்புறம் பசையுள்ள சுருங்கு குழாயைப் போட்டுச் சூடு காட்டுங்கள். இரு முனையிலும் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கினால் தண்ணீர் உள்ளே போகாது.

ஒயரின் மேல் கவ்வி உள்ளே பிளேடு இறங்கும் நீல நிற கிளிப்புகளை நான் வண்டியில் சேர்ப்பதே இல்லை. இழைகளில் சிலவற்றை அறுத்துவிடும். வெட்டிய இடத்தில் ஈரம் புகுந்து பச்சை பூக்கும்.

எர்த்தைப் பெயின்ட் அடித்த சட்டத்தில் மாட்டாதீர்கள். ஹேண்டில்பாரில் மாட்டவே கூடாது. அங்கிருந்து மின்சாரம் திரும்ப வேண்டுமானால் கிரீஸ் நிறைந்த ஸ்டீயரிங் பேரிங்கைத் தாண்ட வேண்டும். எல்லா எர்த்தையும் ஓரிடத்தில் சேர்த்து, பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோங்கள்.

ஒயரைக் கொண்டுபோகும் பாதை

டேங்கைத் தூக்கி, கம்பெனி ஒயர்கள் போகும் வழியிலேயே கொண்டுபோங்கள். சைலன்சர் குழாயிலிருந்து ஒரு கையகலம் தள்ளியே இருக்கட்டும். ஸ்டீயரிங் கழுத்தில் தாராளமாகத் தளர்வு விடுங்கள். கட்டி முடிக்கும் முன் ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். எந்த ஒயரும் விறைக்கவோ நசுங்கவோ கூடாது. ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசரும் போட்டிருந்தால் இன்ஜினை ஓடவிட்டே திருப்புங்கள். திருப்பும்போது ஆர்.பி.எம். ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் நீளம் போதவில்லை என்று பொருள். பிரேக் ஹோஸும் இழுபடக் கூடாது. இரண்டில் எது குறைந்தாலும் அப்படியே ஓட்டாதீர்கள்.

திருட்டுச் செலவைப் பிடிப்பது

சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் நிலையில் வையுங்கள். 10 ஆம்பியர் துளையில் தொடங்குங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைப் போட்டுவிடாதீர்கள், அதன் ஃபியூஸ் போய்விடும். கடிகாரத்துக்கும் இ.சி.யு.வுக்குமாகச் சில மில்லி ஆம்பியர் எடுப்பது இயல்பு. 20 மில்லி ஆம்பியர் கூடுதலாகப் போனால் ஒரு நாளுக்கு 0.48 ஆம்பியர்-மணி. 8 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரம் சும்மா நின்றால் 6.7 போய்விடும், வண்டி பிடிக்காது. நீல எண்கள் மின்னும் சார்ஜரை நேராகப் பேட்டரியில் மாட்டியவர்கள் "பேட்டரி மட்டம்" என்று சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

போல்ட்டில் நிற்பவை, சுருக்கமாக

கிராஷ் கார்டு இன்ஜின் மவுன்ட் போல்ட்டில் மாட்டுவது என்றால் ஒரு நேரத்தில் ஒரு போல்ட்டை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் கையால் நிறுத்திய பிறகு, சர்வீஸ் புத்தகம் சொல்லும் டார்க்கில் (இறுக்கும் முறுக்குவிசை அளவில்) இறுக்குங்கள். டாப் பாக்ஸ் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் நிற்பது. கனமானதை அதில் அடைத்தால் முன்சக்கரம் இலேசாகி வேகத்தில் நெளியும். கனம் பக்கப் பெட்டிகளின் அடியில் போகட்டும். மொபைல் ஹோல்டரில் அதிர்வு தாங்கும் ரப்பர் அடுக்கு கட்டாயம் வேண்டும். பைக் இன்ஜினின் பலமான அதிர்வு கேமராவின் நிலைப்படுத்தும் பகுதியைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் அறிவுறுத்தியிருக்கிறது.

விளக்கைச் சுவரெதிரே வைத்துச் சரிசெய்யுங்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்து, பெட்டிகளும் நிறைந்திருக்கும்போது ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கீழே விழவேண்டும். பின்பாரம் ஏறினால் முன்பக்கம் நிமிரும், எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

பின்சேர்க்கை: ரிலே 'டக்' என்கிறது, விளக்கு எரியவில்லை என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். விளக்கு இணைந்திருக்கும்போதே 87க்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். அங்கே 12 இருந்தால் ரிலே நன்றாக இருக்கிறது. விளக்கின் எர்த்தைத் தேடுங்கள். இல்லையென்றால் 30இல் பாருங்கள், ஃபியூஸ் பிடியில்தான் பெரும்பாலும் தளர்வு இருக்கும்.

இன்னொன்று: பார்க்கிங் ஒயரைத் தொட்டதும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். கேன் பஸ் (வண்டியின் மின்னணுப் பகுதிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் இணைப்பு) உள்ள வண்டிகளில் ஒவ்வொரு விளக்கும் எடுக்கும் மின்னோட்டத்தைக் கணினி கண்காணிக்கலாம்; ரிலேயின் சிறிய கூடுதல் சுமைகூட அதற்குக் கோளாறாகத் தெரியும். அத்தகைய வண்டியில் துணைப்பொருள் கனெக்டரிலிருந்து மட்டுமே தூண்டுங்கள். அதுவும் இல்லையென்றால் அந்த மாடலுக்கென்றே விற்கும் கேன் பஸ் கட்டுப்பாட்டுப் பெட்டியை வாங்குவதுதான் வழி.