ஊதியம் நின்றால் உடனே ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள்

ஐரோப்பாவின் சிறிய லீக்குகளில் ஆடப்போகும் இளம் கால்பந்து வீரர்களுக்கு ஒப்பந்த ஆலோசனை சொல்வது என் வேலை. தொலைக்காட்சியில் காணும் கோடிகள் அங்கே கிடையாது. வீரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 41 சதவீத வீரர்கள் சம்பளம் தாமதமானதாகக் கூறியிருந்தார்கள். ஏஜென்டை விசாரிப்பது, காப்பீடு கேட்பது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுவதால், ஒவ்வொரு பருவமும் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

பிரதி வாங்காத கையெழுத்து

இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி கைக்கு வராமல் அறையை விட்டு எழ வேண்டாம்.

அறிவிப்பு தராமல் வெளியேறுவது

எத்தனை முறை எச்சரித்தாலும் இது தொடர்கிறது. இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மூன்று மாதச் சம்பளம் வராத ஓர் இடைக்கள வீரர், "அடுத்த வாரம்" என்று மேலாளர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை நம்பிக் காத்திருந்து, பின்னர் பொறுமையிழந்து ஒருவரிடமும் சொல்லாமல் விமானம் ஏறிவிட்டார். பயிற்சிக்கு வராததால் ஒப்பந்தத்தை மீறியவர் அவரே என்று கிளப் முந்திக்கொண்டு இழப்பீடு கேட்டது. கடன்பட்டவர் வாதியானார், உழைத்தவர் பிரதிவாதியானார்.

ஃபிஃபா தன் வீரர் இடமாற்ற விதிமுறைகளில் 14-ஆம் விதியை அடுத்து 2018-இல் சேர்த்த '14 பிஸ்' (14bis) விதியின்படி, குறைந்தது இரண்டு மாத ஊதியம் நிலுவையில் இருந்தால், முழுத் தொகையையும் செலுத்தக் குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும்; அதன் பிறகும் பணம் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு விலகலாம். எந்த மாதத்துக்கு எவ்வளவு, எந்த வங்கிக் கணக்கு என்று கடிதத்தில் தெளிவாக இருக்கட்டும். அந்த 15 நாளும் பயிற்சிக்குப் போய்க்கொண்டே இருங்கள்.

புகழ்பெற்றவர்களையும் இந்தச் சிக்கல் விடுவதில்லை. 2014-இல் ரஷ்யாவின் லோகோமோட்டிவ் மாஸ்கோ கிளப்புடன் மூண்ட பூசலில் பிரெஞ்சு வீரர் லஸ்ஸனா டியாராவின் ஒப்பந்தம் முறிந்தது, அவர் 1.05 கோடி யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. அந்தப் பொறுப்பு தன் தலையிலும் விழும் என்ற அச்சத்தில், அவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்த பெல்ஜியத்தின் ஷார்லெருவா கிளப் பின்வாங்கியது. இப்படிப் புதிய கிளப்பையும் பொறுப்பாக்கும் ஃபிஃபா விதிகளில் சில ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரணானவை என்று ஒன்றிய நீதிமன்றம் சொன்னது 2024 அக்டோபர் 4 அன்றுதான். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே அவர் ஓய்வுபெற்றிருந்தார்.

தனித்தாளில் சம்பளம்

பட உரிமை (வீரரின் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை) என்ற பெயரில் வேறு தாளில் எழுதிய தொகையைச் சம்பளமாக எண்ண வேண்டாம்.

காலம் கடத்துவது

புதிய தலைவர் வந்ததும் பாக்கி தீரும் என்று காத்திருப்பவர்கள், ஃபிஃபாவின் கால்பந்துத் தீர்ப்பாயம் இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட பிணக்குகளை ஏற்காது என்பதை மறந்துவிடுகிறார்கள். வீரரும் கிளப்பும் ஒரே நாட்டவர் என்றால் அந்த வழக்கு அங்கே போகவே போகாது; அந்நாட்டுத் தீர்ப்பாயத்தையோ தொழிலாளர் நீதிமன்றத்தையோதான் நாட வேண்டும்.