குளிர் ஊரில் சம்பங்கி, செங்காந்தள்: நடும்போது செய்யும் தவறுகள்

டொராண்டோவில் ஏப்ரலில் நாலு நாள் வெயில் அடித்தால் போதும், சம்பங்கிக் கிழங்கும் செங்காந்தள் கிழங்கும் வாங்கி வைத்தவர்களுக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிடும். நல்ல வெயில் படும் இடம் பார், உரம் போடு என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள், நான் அதற்குள் போகவில்லை.

மண் சூடாகும் முன் நடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான். வெளியே 18 டிகிரி இருக்கலாம், கீழே மண் ஏழு எட்டில்தான் கிடக்கும், பனி உருகின ஈரம் வேறு. ட்யூலிப்புக்கு அந்தக் குளிர் வேண்டும், அதனால் அதைக் குளிருக்கு முன்பே புதைக்கிறார்கள். சம்பங்கி மெக்சிகோக்காரி. செங்காந்தளும் வெப்ப நாட்டுக் கொடி. குளிர்ந்த மண்ணில் இரண்டும் வேர் விடாது, வேர் இல்லாத கிழங்கு தண்ணீர் இழுக்காது, இழுக்காத தண்ணீர் சுற்றி நின்று கிழங்கையே அழுக வைக்கும். தெரிந்த அக்கா ஒருவர் ஏப்ரல் கடைசியில் நட்டுவிட்டு, முளையைக் காணோமே என்று தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஜூனில் தோண்டினோம். தொட்டதும் தோல் மட்டும் வழுக்கிக் கையோடு வந்தது, உள்ளே கூழ், கிட்டே போக முடியாத நாற்றம். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டினார். கிழங்கு நல்ல கிழங்குதான்.

இறைச்சி வெந்ததா என்று பார்க்கும் வெப்பமானி வீட்டில் இருக்குமே, அதைக் காலையில் மண்ணில் குத்திப் பாருங்கள். சில நாள் தொடர்ந்து 15 டிகிரிக்கு மேல் காட்டினால் நடலாம். இங்கே அதற்கு மே மாதத்து விக்டோரியா டே விடுமுறை வாரயிறுதியாவது தாண்ட வேண்டும், பல வருஷம் ஜூன் ஆகிவிடும். சம்பங்கி பூக்கவே மூன்று நாலு மாதம், அக்டோபரில் உறைபனி வந்துவிடுமே என்றால், நியாயம்தான். மார்ச் கடைசியில் வீட்டுக்குள் வெதுவெதுப்பான இடத்தில் தொட்டியில் நட்டுவிடுங்கள். முளை தெரியும்வரை மண் லேசாக நனைந்திருந்தால் போதும்.

செங்காந்தள் கிழங்கின் நுனியை உடைப்பது

முளை அங்கேதான் இருக்கிறது. உடைந்தால் போச்சு. அப்புறம், அந்தக் கிழங்கு விஷம், குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பூத்த சம்பங்கிக் கிழங்கை நம்புவது

ஒரு தடவை பூத்தது மறுபடி பூக்காது. பக்கத்தில் விடும் குட்டிகள்தான் பூக்க வேண்டும், அவை பருக்க ஒன்றிரண்டு வருஷம் ஆகும்.

குளிர்காலத்தில் கிழங்கை ஃப்ரிட்ஜில் வைப்பது

வேண்டாம். உறைபனியில் இலை கருகியதும் தோண்டி, காயவிட்டு, உலர்ந்த மரத்தூளில் புதைத்து, 10 முதல் 15 டிகிரி இருக்கும் பேஸ்மென்ட் மூலையில் வையுங்கள், ஃபர்னஸுக்குப் பக்கத்தில் வைத்தால் சுருங்கிவிடும்.