வெற்றிடத்தில் சாய்ந்த கோடு

ஒன்பது நாள்களை விழுங்கிய சிக்கல் நேற்றிரவு வெள்ளவத்தை அறையில் தீர்ந்தது, நிம்மதி. ஒரு முகத்தில் கந்தகமும் மறுமுகத்தில் செலீனியமும் கொண்ட மொலிப்டினம் ஒற்றைப் படலம் சூரிய ஒளியில் நீரைப் பிரிக்குமா என்று குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ என்ற, பொருள்களின் இலத்திரன் நிலைகளைக் கணிக்கும் மென்பொருளில் கணித்துக்கொண்டிருந்தேன். அதற்கு, வெற்றிடத்தின் ஆற்றல் மட்டத்தைப் பூச்சியமாகக் கொண்டால், பொதுவாகக் கடத்தற் பட்டையின் (இலத்திரன்கள் தாவி ஏறும் வெற்று நிலைகளின்) அடி −4.44 இலத்திரன் வோல்ட்டுக்கு மேலேயும், வலுவளவுப் பட்டையின் (இலத்திரன்கள் நிரம்பிய நிலைகளின்) உச்சி −5.67க்குக் கீழேயும் நிற்க வேண்டும். எனக்கோ கணிப்பில் படலத்துக்கு மேலும் கீழும் விட்ட வெற்றிடத்தை 15 ஆங்ஸ்ட்ரோமிலிருந்து 25 ஆக்கினாலே இந்தப் பட்டை விளிம்புகள் நகர்ந்தன.

கணிப்பின் துல்லியத்துக்காகக் கே-புள்ளிகளைக் கூட்டினேன், வெட்டு ஆற்றலை உயர்த்தினேன், பயனில்லை. சராசரி மின்னழுத்தத்தை வரைந்தபோதுதான் தெரிந்தது: வெற்றிடத்தில் தட்டையாக இருக்க வேண்டிய கோடு சரிவாக ஓடியது. முகங்கள் வேறுபட்டால் படலத்தின் குறுக்கே மின் இருமுனைவு உண்டாகும்; அதன் போலிச் சரிவை நீக்கும் இருமுனைவுத் திருத்தம் கட்டாயம். அதற்கான டிஈஃபீல்ட், டிப்ஃபீல்ட் என்ற அமைப்புகள் இரண்டையும் இயக்கினேன். இப்போது கோடு படலத்துக்குள்ளேயே ஒடிந்தது!

கண்ணில் படாமல் போவது இதுதான்: ஒடிவு விழும் இடத்தைக் குறிக்கும் ஈமேக்ஸ்பாஸின் இயல்பு மதிப்பு 0.5, என் படலமும் கணிப்புக் கலத்தின் நடுவில், அதே 0.5இல். அதை 0.95 ஆக்கி, ஒடிவை வெற்றிடத்துக்குத் தள்ளினேன். புறத்திலிருந்து கொடுக்கும் மின்புலத்தின் அளவான ஈஆம்ப்பை எழுதாமல் விட்டால் அது 0.001 அணு அலகு, அதாவது ஆங்ஸ்ட்ரோமுக்கு ஏறத்தாழ 0.05 வோல்ட் புறப்புலம். அதற்கு 0 கொடுத்தேன்.

இரு பக்கமும் கோடு தட்டையானது. இரு பக்க மட்டங்களுக்கும் இடையே சுமார் 0.8 இலத்திரன் வோல்ட் படி. இனி பட்டை விளிம்புகளை ஒப்பிட, ஐதரசன் உருவாகும் வினைக்கு ஒரு முகத்தின் வெற்றிட மட்டம், ஒட்சிசன் வினைக்கு மறுமுகத்தினது.