மெத்திலீன் புளூவை ஒளியால் சிதைக்க: முதல் அரை மணி நேரம் விளக்கைத் தொடாதீர்கள்

1972-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் ஒளியைக் கொண்டு தண்ணீரைப் பிளந்து காட்டினார்களே, அதே டைட்டானியம் டை ஆக்சைடுதான் நமக்கும். அவர்கள் எடுத்தது ஹைட்ரஜன். நாம் அதன் தூளைக் கொண்டு, மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தைச் சிதைக்கப்போகிறோம்.

இந்தத் தூளுக்கு அனடேஸ், ரூட்டைல் என்று இரண்டு முக்கியப் படிக வகைகள் உண்டு; நமக்கு அனடேஸ் வகையாக இருக்கட்டும். பெயின்டுக்கான ரூட்டைல் தூள் வேண்டவே வேண்டாம். அது வினை செய்துவிடக்கூடாது என்றே அதன்மேல் சிலிக்கா, அலுமினா பூசியிருப்பார்கள்.

லிட்டருக்கு 10 மில்லிகிராம் சாயம் உள்ள கரைசலில் 100 மில்லிலிட்டர் எடுத்து, 100 மில்லிகிராம் தூளைப் போட்டுக் கலக்கியில் வையுங்கள்.

இப்போது பீக்கரை அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள். அவசரப்பட்டு விளக்கைப் போட்டால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். சாயம் நேர்மின் தன்மை கொண்டது. தூளின் மேற்பரப்போ நடுநிலை நீரில் பெரும்பாலும் எதிர்மின் தன்மை பெறும். ஆகவே ஒளியே படாமலும் கொஞ்சம் சாயம் தூளில் ஒட்டிக்கொள்ளும், நிறம் குறையும். அது சிதைவு அல்ல. அரை மணி நேரம் கழித்து ஒன்று, இன்னும் பத்து நிமிடத்தில் ஒன்று என மாதிரி எடுத்து, தூளைப் பிரித்துவிட்டு, கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதை நிறமாலைமானியில் 664 நானோமீட்டரில் அளவிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அதுதான் தொடக்க மதிப்பு. ஒத்துப்போகாவிட்டால் இன்னும் காத்திருங்கள்.

அப்புறம் 365 நானோமீட்டர் எல்இடி. அனடேஸுக்கு ஏறக்குறைய 387-க்குக் குறைந்த அலைநீளம் வேண்டும். வெயிலிலும் நடக்கும், ஆனால் மேகம் வந்து போனால் ஒப்பிடவே முடியாது, எனக்கு அது பிடிப்பதில்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியைக் கட்டாயம் அணியுங்கள்.

15 நிமிடத்துக்கு ஒரு மாதிரி. தூளைப் பிரிக்க, குழாயை வேகமாகச் சுழற்றித் தூளை அடியில் படியவைக்கும் சென்ட்ரிஃபியூஜ்தான் என் தேர்வு. சில வடிதாள்கள் சாயத்தைத் தாங்களே உறிஞ்சி நீலமாகிவிடும். குழாயின் அடியில் படியும் தூளையும் பாருங்கள்: முதலில் வெளிர்நீலமாக இருப்பது போகப்போக வெளுக்க வேண்டும். ஒளி மட்டுமே எவ்வளவு நிறத்தைக் குறைக்கிறது என்று தெரிய, தூள் போடாத கரைசல் ஒன்றையும் அதே ஒளியில் வைத்து அளவிடுங்கள்.

பின்சேர்க்கை: வெள்ளை எல்இடியிலும் நிறம் போகிறதே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சாயமே அந்த ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானைத் தூளுக்குக் கொடுப்பதால் அப்படி ஆகலாம். வேலை செய்வது தூளா சாயமா என்று உறுதி செய்ய, அந்த ஒளியை உறிஞ்சாத, ஃபீனால் போன்ற நிறமற்ற பொருளில் சோதியுங்கள்.

போன நீலம் குலுக்கியதும் திரும்பி வந்ததா? சாயம் சிதையவில்லை, எலக்ட்ரானைப் பெற்று நிறமற்ற வடிவத்துக்கு மாறியிருந்தது (இதை ஒடுக்கம் என்பார்கள்). ஆக்சிஜன் பட்டதும் மீண்டுவிட்டது. கலக்கியின் வேகத்தைக் கூட்டி, காற்று உள்ளே போகும்படி வையுங்கள்.