பழைய பார்க்கர் 51 வாங்குகிறீர்களா? பின்பக்கத்தைத் திருகிப் பாருங்கள்

தினமும் எழுதத்தான் பார்க்கர் 51 மைப்பேனா வாங்குகிறீர்கள் என்றால், காசு கொடுக்கும் முன் பேனாவின் பின்பாதியைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். உள்ளே உலோகக் கூடும் அதில் அழுத்தும் பட்டையும் தெரிந்தால் தைரியமாக வாங்கலாம்.

இது 1948-இல் வந்த வகை. இதன் மைப்பை ரப்பர் அல்ல, ஒருவகை பிளாஸ்டிக். அதனால் பல பேனாக்களில் இன்றும் முதலில் போட்ட பையே வேலை செய்கிறது. 1941-இல் வந்த முதல் வகையில் மையை இழுப்பது ரப்பர் சவ்வு. அது பெரும்பாலும் காய்ந்து கிழிந்திருக்கும், மாற்றும் கூலி தனி. இரண்டிலும் நிப்பு பேனாவின் முன்பக்க உறைக்குள் ஒளிந்திருப்பதால் மை சட்டென்று உலராது. பார்வைக்கு அடக்கமான பேனா, பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் (எனக்கு அதுவே பிடிக்கும்).

நிப்பைத் தண்ணீரில் முக்கிப் பட்டையை அழுத்துங்கள். குமிழி வராவிட்டால் பெரும்பாலும் உலர்ந்த மை அடைப்புதான், ஓர் இரவு சாதாரணத் தண்ணீரில் ஊறட்டும். வெந்நீர் வேண்டாம்.

நிப்பு முனை ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். அழுத்தத்துக்கேற்பத் தடித்து மெலியும் எழுத்து வேண்டுபவர்களுக்கும் இது சரிப்படாது. நிப்பு வளைந்து கொடுக்காது. மினுமினுப்புத் துகள் கலந்த மை ஊற்றவே கூடாது.